கனவில் இயங்கும் உடல்

கடலூர் முதுநகரில் மீன்பிடித் தொழிலிலேயே ஆயுளைக் கழித்த முதியவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். விடியலுக்குச் சற்று முன் உறக்கத்திலேயே கூச்சலிட்டுக் கையை வீசுகிறார். அருகில் உறங்கும் மனைவியின் மீது அடி விழுகிறது. தட்டி எழுப்பினால், படகின் மேல் பாய்ந்த சுறாவை விரட்டியதாகக் கூறுகிறார். காற்றுச் சேட்டை என்பார் சிலர். பகலில் அடக்கிய வெறுப்பு இரவில் வெளிப்படுகிறதோ என மனைவி கலங்குவதும் உண்டு. இரண்டும் தவறு.

கனவுறக்கத்தில் விழித்தசைகளும் மூச்சுத்தசையும் நீங்கலாக ஏனைய தசைகள் ஏறத்தாழச் செயலற்றிருக்கும். மூளைத்தண்டிலுள்ள சில நரம்பணுக்கள் இடும் பூட்டு அது. 1965இல் பிரான்சு நாட்டு மிஷேல் ஜூவே பூனைகளின் மூளைத்தண்டில் அப்பகுதியைச் சிதைத்தபோது, அவை உறக்கத்திலேயே எழுந்து இல்லாத இரையைத் தாக்கின! மனிதரிடம் காணும் இக்கோளாற்றை 1986இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஷெங்க், மஹோவால்ட் முதலானோர் வரையறுத்தனர். அவர்கள் கண்காணித்த முதிய ஆடவர் 29 பேருள் 38 விழுக்காட்டினருக்குப் பின்னாளில் பார்க்கின்சன் நோய் எனும் நடுக்குவாதம் தோன்றியதை 1996இல் எழுதினர். 1,280 பேரை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டின் பன்னாட்டாய்வோ, 12 ஆண்டுகளில் நால்வரில் ஏறத்தாழ மூவருக்கு நடுக்குவாதமோ அதன் இனத்து வேறு மூளைநோயோ வரக்கூடும் எனக் கணித்தது.

காரணம் யாது? ஆல்ஃபா சைனுக்ளீன் என்னும் புரதம் உருத்திரிந்து நரம்பணுக்களில் படிகிறது. பலரிடம் அப்படிவு மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் முதலில் தோன்றி, டோபமைன் சுரக்கும் மேற்பகுதியைப் பின்னரே எட்டுகிறது. ஆகவே பூட்டு முதலில் பழுதாகிறது. கைந்நடுக்கம் பல ஆண்டுகள் கழித்தே வருகிறது. மோப்பம் மங்குதலும் நாட்பட்ட மலச்சிக்கலும் இடையே தோன்றலாம்.

தடுக்கும் மருந்து இன்னும் இல்லாதபோது இதனை அறிந்தென்ன பயன் என வினவலாம். மனச்சோர்வுக்கு உண்ணும் சில மாத்திரைகளாலும் இது நேரும். மருத்துவர் அவற்றை மாற்றித் தரலாம். கட்டிலை விடுத்துத் தரையில் பாய் விரித்தால் வீழ்ச்சி தவிரும். மனைவியின் ஐயமும் நீங்கும். அது சிறிய பயனன்று.

இந்நோயாராய்ச்சியில் தமிழகத்துக்கும் பங்குண்டு. நடுக்குவாதத்துக்கு இன்றும் தலையாய மருந்தாகிய லெவோடோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து 1937இல் சென்னையில் பிரித்தெடுத்தவர்கள் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர். அந்நோய்க்கு அது மருந்தாகும் என்பது அந்நாளில் எவரும் அறியாதது. அண்மைக்காலத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தேயிலையிலுள்ள தியாஃப்ளேவின் சுண்டெலிகளின் டோபமைன் நரம்பணுக்களைக் காப்பதாக 2012இல் எழுதினர். சுண்டெலிக்கு உதவியது மனிதர்க்கும் உதவுமென்று இன்னும் நிறுவப்படவில்லை. அதனை நம்பி இரவில் தேநீரை மிகுதியாகப் பருகினால், கனவு காண உறக்கமே வாராது போகலாம்.