ஆசிரியரின் சொந்தக் கணக்கில் மாணவரின் முகம்: எல்லை எங்கே?

கொச்சி: மட்டாஞ்சேரி போன்ற நெருக்கமான ஊரில் ஓர் ஆசிரியர் தனது முகநூல் பக்கத்தைத் 'தனிப்பட்டது' என்று சொல்லிக்கொள்வது எளிதன்று. மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் பேசுவோர் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் பகுதி இது. மாணவரின் பெற்றோரே ஆசிரியரின் அண்டை வீட்டாராகவும் இருப்பர். இரவில் இட்ட பதிவு காலை மணி அடிப்பதற்குள் அவர்களை எட்டிவிடும்.

அப்பதிவுக்கு எந்த விதி பொருந்தும் என்பது பள்ளியின் வகையைப் பொறுத்தது. அரசுப் பள்ளிப் பணியாளருக்கு 1960ஆம் ஆண்டின் கேரள அரசு ஊழியர் நடத்தை விதிகள் உள்ளன. அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு 1959ஆம் ஆண்டின் கேரளக் கல்வி விதிகளில் தனிப் பகுதியே உண்டு. தனியார் பள்ளிகளில் பணி ஒப்பந்தமே பெரும்பாலும் அளவுகோல். நாளிதழையும் மேடையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட இவ்விதிகள் சமூக ஊடகத்துக்கும் பொருந்தும் என 2017இன் தொடக்கத்தில் கேரள அரசு சுற்றறிக்கை வெளியிட்டது. அரசின் கொள்கைகளை அனுமதியின்றி விமர்சிப்பது ஒழுங்கு நடவடிக்கைக்கு இடமளிக்கும்.

ஆனால் நீதிமன்றங்கள் இதற்கு வரம்பிட்டுள்ளன. முகநூல் பதிவுக்காக நடவடிக்கைக்கு உள்ளான அரசு ஊழியர் ஒருவரின் வழக்கில், அரசுப் பணியில் இருப்பதாலேயே ஒருவர் பேச்சுரிமையை இழப்பதில்லை என்று திரிபுரா உயர் நீதிமன்றம் 2020 ஜனவரியில் கூறியது. நடத்தை விதிகளின் வரம்பு மட்டுமே அவருக்கு உண்டு. அமெரிக்காவில் பள்ளி நிர்வாகத்தின் செலவினத்தைக் குறை கூறி நாளிதழுக்குக் கடிதம் எழுதியதால் பணிநீக்கப்பட்ட ஆசிரியருக்கு ஆதரவாக, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1968இலேயே தீர்ப்பளித்தது.

நடத்தை விதிகள் ஆசிரியரின் கருத்தைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு மாணவரின் முகத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. கடுமையான தீங்கு நேர்வதோ அங்குதான்.

2025 ஜனவரியில் பாலக்காடு மாவட்ட அரசுப் பள்ளி ஒன்றில், கைப்பேசியைப் பறிமுதல் செய்த முதல்வரை பிளஸ் ஒன் மாணவர் மிரட்டும் காணொளி பரவியது. மாணவர் மீது எழுந்த கோபம் விரைவில் வேறொரு கேள்வியாக மாறியது: முதல்வரின் அறையில் நடந்ததைப் படம்பிடித்து வெளியே விட்டது யார்? கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி அறிக்கை கேட்டார். மாணவர் பின்னர் வருத்தம் தெரிவித்தார். காணொளியைத் திரும்பப் பெற வழியில்லை. (பள்ளியின் பெயரை இங்கே தவிர்ப்பதும் அதனால்தான்.)

விசாரணையிலோ சட்ட நடவடிக்கையிலோ தொடர்புடைய சிறாரின் அடையாளத்தை வெளியிட்டால், 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். படிப்படியாக நடைமுறைக்கு வரும் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. வீட்டு அளவிலான சொந்தப் பயன்பாட்டுக்கு விலக்கு உண்டு. எவரும் காணத்தக்க கணக்கில் இடும் வகுப்பறை ரீல்ஸை அவ்விலக்கில் சேர்ப்பது கடினம்.

வாட்ஸ்அப் வகுப்புக் குழுக்கள் மற்றொரு சிக்கல். 2020 ஜூனில் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் 'ஃபர்ஸ்ட் பெல்' பாடங்கள் தொடங்கியபின், ஆசிரியர்களின் சொந்தக் கைப்பேசி எண்களே பள்ளியின் தொடர்பு வழியாயின. பெருந்தொற்று முடிந்தும் அப்பழக்கம் நீடித்தது. பாடக்குறிப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்புவதைக் கேரளக் கல்வித் துறை 2024 நவம்பரில் தடை செய்தது. குழந்தைகள் உரிமை ஆணையத்துக்குச் சென்ற புகாரே அதற்குக் காரணம்.

குழுவில் ஓர் உறுப்பினர் இடும் ஆட்சேபகரமான பதிவுக்கு அதன் நிர்வாகி குற்றவியல் பொறுப்பாளி ஆகமாட்டார் எனக் கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்துள்ளது. நிர்வாகியான ஆசிரியர் தாமே பகிரும் மாணவரின் மதிப்பெண்ணுக்கோ படத்துக்கோ அப்பாதுகாப்பு பொருந்தாது.