ஒரே பிடியில் ஏழு காமிராக்கள்!

1989-ஆம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி பிரிட்டிஷ் பார்லிமெண்டின் காமன்ஸ் சபை நடவடிக்கைகள் முதல் முறையாக டெலிவிஷனில் காட்டப்பட்டன. பல வருஷ வாக்குவாதத்துக்குப் பிறகு கிடைத்த அனுமதி அது. காமிரா நுழைந்தால் சபையின் கௌரவம் குலைந்துவிடும் என்று அஞ்சியவர்கள் பலர். ஆனால் அன்று சபைக்குள் காமிராக்கள் இருந்தனவே தவிர, காமிராக்காரர்கள் இல்லை! வேறோர் அறையில் உட்கார்ந்தவர்கள் தூரத்திலிருந்தே அவற்றைத் திருப்பினார்கள்.

இன்று மாநாட்டு மண்டபம், கல்லூரி வகுப்பறை, மாதா கோவில் என்று எங்கு பார்த்தாலும் இந்த ஏற்பாடு வந்துவிட்டது. சுவரிலே ஒரு சிறு காமிரா. அது இடமும் வலமும் திரும்புகிறது, நிமிர்கிறது, குனிகிறது, தூரத்து முகத்தைக் கிட்டே இழுத்துக் காட்டுகிறது. மண்டபத்தில் இப்படி ஆறேழு இருக்கும். அவற்றை ஆட்டி வைப்பதோ ஒரே ஒரு ஆசாமி. அவர் முன்னால் ஒரு கன்ட்ரோலர். அதில் 'ஜாய்ஸ்டிக்' என்ற ஒரு கைப்பிடி.

பிடி ஒன்று, காமிரா ஏழு. இது தனக்கு வந்த கட்டளை என்று மூன்றாவது காமிராவுக்கு எப்படித் தெரிகிறது? மற்ற ஆறும் ஏன் சும்மா இருக்கின்றன?

டிரில் வகுப்புத் தந்திரம்

பள்ளிக்கூடத்து டிரில் வகுப்பை நினைத்துக் கொள்ளுங்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று, 'ஒன்று', 'இரண்டு', 'மூன்று' என்று எண் சொல்வார்கள் அல்லவா? ஜப்பானின் சோனி நிறுவனம் வகுத்த 'விஸ்கா' என்ற முறை அதேதான். கன்ட்ரோலரிலிருந்து ஒரு கம்பி முதல் காமிராவுக்குப் போகிறது, முதல் காமிராவிலிருந்து இரண்டாவதற்கு, அதிலிருந்து மூன்றாவதற்கு. இப்படிச் சங்கிலியாக ஏழு வரை கோக்கலாம்.

ஆரம்பத்தில் கன்ட்ரோலர் '1' என்ற எண்ணை அனுப்புகிறது. முதல் காமிரா அதைத் தன் எண்ணாக எடுத்துக் கொண்டு, ஒன்றைக் கூட்டி '2' என்று அடுத்ததற்குத் தள்ளுகிறது. கடைசிக் காமிரா கூட்டிய எண், வந்த வழியே கன்ட்ரோலருக்குத் திரும்புகிறது. '6' திரும்பி வந்தால் காமிராக்கள் ஐந்து. எவ்வளவு சுலபமான கணக்கு!

பிறகு வரும் ஒவ்வொரு கட்டளையின் தலையிலும் விலாசம் உண்டு. தன் எண் இல்லாத கட்டளையைக் காமிரா அடுத்ததற்குக் கடத்திவிடும். 'திரும்பு' என்ற கட்டளை ஒன்பதே எழுத்து நீளம். வினாடிக்கு 9,600 துடிப்பு வேகத்தில் அது கம்பியைக் கடக்க நூறில் ஒரு பங்கு வினாடிதான் ஆகும்.

சங்கிலி அறுந்தால்?

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. கட்டளையைக் கையிலிருந்து கைக்குக் கடத்துவது காமிராவே. ஆகவே நடுவிலிருக்கும் மூன்றாவது காமிராவுக்கு மின்சாரம் நின்றுவிட்டால், அது மட்டும் அல்ல, நான்கு முதல் ஏழு வரை எல்லாமே சொல் கேட்காமல் போய்விடும்! அவை படம் காட்டும், ஆனால் திரும்பா.

இதைவிட மோசமான நிலையும் உண்டு. பிடியைச் சாய்த்ததும் 'திரும்பு' என்ற கட்டளை போகிறது; விட்டதும் 'நில்' என்பது போகிறது. இரண்டுக்கும் நடுவில் கம்பி கழன்றால், 'நில்' போய்ச் சேராது. காமிரா தன் எல்லை முட்டும் வரை திரும்பிக்கொண்டே போகும். மணமகன் தாலி கட்டும் நேரத்தில் திரையில் ஜன்னல் திரைச்சீலை தெரிந்தால் யாரைச் சொல்லி என்ன பயன்? அந்த நிமிஷத்தைத் திரும்ப எடுக்க முடியுமா?

ஆகையால் கம்பி விஷயத்தில் சிக்கனம் கூடாது. 'ஆர்.எஸ்.232' என்ற சாதாரண இணைப்பு சுமார் 15 மீட்டர் வரைதான் நம்பத் தக்கது. பெரிய மண்டபத்துக்கு 'ஆர்.எஸ்.422' வேண்டும். இதில் ஒரே செய்தி முறுக்கிய இரு கம்பிகளில் எதிரெதிராகப் போகிறது. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டையும் ஒரே மாதிரி தாக்கும். பெறுகிற கருவியோ இரண்டின் வித்தியாசத்தை மட்டும் பார்ப்பதால் இரைச்சல் கழிந்துபோகிறது. வேகம் மிதமாக இருந்தால் 1,200 மீட்டர் வரை தாங்கும்.

காவல் காமிராக்களில் வழக்கமான 'ஆர்.எஸ்.485' முறையில் கடத்தும் வேலையே இல்லை. ஒரே ஜோடிக் கம்பியில் எல்லாக் காமிராக்களும் தொற்றிக் கொண்டிருக்கும். ஒன்று செத்தாலும் பொதுவாக மற்றவை கேட்கும். எண்ணை மட்டும் நாமே சிறு சுவிட்சுகளில் வைக்க வேண்டும். இரண்டுக்கு ஒரே எண் வைத்துவிட்டால் இரண்டும் ஜோடியாக ஆடும்! கம்பியின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை வைப்பது அவசியம். இல்லையேல் செய்தி கோடியில் மோதி எதிரொலித்துக் குழப்பும்.

புதிய ஏற்பாடுகளில் கம்ப்யூட்டர் வலைக் கம்பியே போதும். ஒவ்வொரு காமிராவும் நடுவிலுள்ள 'ஸ்விட்ச்' பெட்டிக்குத் தனிக் கம்பி போட்டுக் கொள்கிறது. ஒரு கம்பி 100 மீட்டர் வரை போகலாம். தகுந்த பெட்டியானால் மின்சாரமும் அதிலேயே போகும். ஒரு காமிரா படுத்தால் மற்றதற்குக் கவலை இல்லை. பெட்டியே படுத்தால்? எல்லாம் போச்சு. மாற்றுப் பெட்டி ஒன்று மேஜையடியில் இருப்பது நல்லது.

எந்த முறையானாலும், கன்ட்ரோலரில் 3 என்றிருக்கும் காமிரா, படங்களை மாற்றும் மிக்ஸரிலும் 3-ஆகவே இருக்கட்டும். அங்கே 3, இங்கே 5 என்று இருந்தால், ஒளிபரப்பில் இருக்கும் காமிராவையே அவசரத்தில் சுழற்றிவிடுவார்கள். சங்கிலி முறையில் இன்னொன்று: காமிராக்களுக்கெல்லாம் முதலில் மின்சாரம் கொடுத்துவிட்டுக் கடைசியில் கன்ட்ரோலரைப் போட வேண்டும். பல கன்ட்ரோலர்கள் விழித்தவுடனே எண் சொல்லச் சொல்லும். அப்போது தூங்கிக்கொண்டிருக்கும் காமிரா வரிசையில் சேராது.