'ஹீ கேன்ஸ்' ஏன் இல்லை?

அவன், அவள், அது வந்தால் வினைச்சொல்லின் வாலில் ஓர் 'எஸ்' போட வேண்டும். இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையிலிருந்து பொத்துவில் வரை எந்த ஆங்கில வகுப்பிலும் பிள்ளைகள் தொடக்கத்திலேயே மனப்பாடம் செய்யும் விதி இது. 'ஐ ஈட்', 'ஷீ ஈட்ஸ்'. இதைச் சரியாகப் பிடித்துக்கொண்ட பிள்ளைதான் பிறகு 'ஹீ கேன்ஸ்' என்று எழுதிச் சிவப்புக் கோடு வாங்குகிறது. கேன், மே, மஸ்ட், ஷால், வில் இவற்றுக்கு எஸ் வராது என்பார் ஆசிரியர். ஏன் சேர் என்று கேட்டால், அது அப்படித்தான், பாடமாக்கு என்பார்.

பிள்ளையின் பிழை அறிவுள்ள பிழை. விதியைக் குலைத்தது ஆங்கிலம்தான். அதற்கும் ஒரு கதை உண்டு. இந்தச் சொற்களில் பெரும்பாலானவை மிகப் பழைய காலத்தில் இறந்தகால வடிவங்களாக இருந்தவை. 'கேன்' என்பதன் மூலப்பொருள் ஏறத்தாழ 'அறிந்துகொண்டேன்'. அறிந்துகொண்டவனுக்கு இப்போது தெரியும். தெரிந்தவனால் இப்போது செய்ய முடியும். இப்படி, வடிவம் இறந்தகாலமாகவே நிற்க, பொருள் மட்டும் நிகழ்காலத்துக்கு நகர்ந்துவிட்டது. இறந்தகாலத்தில் எஸ் போடும் வழக்கம் இல்லை. ஆகவே கேனுக்கும் இல்லை. ஜெர்மன் மொழியிலும் இதே சொல், இதே காரணத்தால், 'அவன்' என்ற எழுவாய்க்கு விகுதி ஏற்பதில்லை. 'மஸ்ட்' இன்னும் விசித்திரம். அப்படி நகர்ந்த ஒரு சொல்லுக்கு மறுபடி உண்டான இறந்தகாலம் அது. பிறகு அதுவும் நிகழ்காலத்துக்கு வந்துவிட்டது. அதனால்தான் நேற்றைய கட்டாயத்தைச் சொல்ல 'மஸ்ட்' உதவாமல் 'ஹேட் டு' என்று வேறு சொல்லைத் தேட வேண்டியிருக்கிறது. 'வில்' மட்டும் வேறு வழியாக வந்து இந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது. 'கேன்' என்பதன் இறந்தகாலமான 'குட்' என்ற சொல்லின் நடுவே ஒலிக்காமல் கிடக்கும் 'எல்' எழுத்துக்கோ பரம்பரை உரிமையே இல்லை. வுட், ஷுட் இரண்டையும் பார்த்துப் பிற்காலத்தில் செருகிய எழுத்து அது.

கல்முனைப் பிள்ளைக்கு இதில் அந்நியமாக எதுவும் இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு. நான் வருகிறேன், நீ வருகிறாய், அவர் வருகிறார் என்று ஆளுக்கு ஆள் விகுதி மாற்றும் தமிழ், நான் வரலாம், நீ வரலாம், அவர்கள் வரலாம் என்னும்போது விகுதியை விட்டுவிடுகிறது. வேண்டும், முடியும், கூடும் எல்லாம் அப்படியே. காரணம் மட்டும் வேறு. 'வரலாம்' என்பது 'வரல் ஆம்', அதாவது வருதல் ஆகும். 'என்னால் வர முடியும்' என்பதில் முடிவது நானல்ல, வருதல். வினை ஆளோடு ஒட்டாமல் செயலோடு ஒட்டி, அஃறிணையாக நின்றுவிட்டது. கிழக்குக் கரையின் 'எனக்கு ஏலா' என்ற பேச்சிலும் இதே அமைப்புத்தான். 'இயலும்' தேய்ந்து ஏலும் ஆகி, அதன் எதிர்மறை ஏலாது, ஏலா என்று குறுகியது. 'மாட்டேன், மாட்டாய், மாட்டார்' மட்டும் பிடிவாதமாக விகுதியை வைத்துக்கொண்டிருக்கிறது.

கல்முனையில் பிறந்த மொழியியலாளர் எம். ஏ. நுஃமான் 1999இல் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' எழுதினார். இன்றைய எழுத்துத் தமிழை இன்றைய கண்ணால் பார்த்த நூல் அது. நம் மொழியின் கட்டமைப்பை அப்படிக் கவனித்துப் பார்த்த பிள்ளைக்கு ஆங்கிலத் துணைவினைகள் பாதி தெரிந்த பாடம்தான். பொருள் வந்த தடங்களும் ஒத்துப்போகின்றன. 'அவனுக்கு நீந்தத் தெரியும்' என்று அறிவை வைத்தே நாமும் திறனைச் சொல்கிறோம். 'ஷால்', 'ஆட்' இரண்டும் கடன்படுதலிலிருந்து பிறந்தவை. நம்முடைய கடன் என்ற சொல்லும் பழந்தமிழில் கடமையைக் குறித்தது.

இதைவிட ஆழமான ஒற்றுமை ஒன்று உண்டு. 'நீ கடற்கரைக்குப் போகலாம்' என்று உம்மா சொன்னால் அது அனுமதி. 'பின்னேரம் மழை வரலாம்' என்று அதே உம்மா சொன்னால் மழைக்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை, அது ஊகம். ஆங்கில 'மே'யும் இந்த இரண்டு வேலையையும் செய்கிறது. 'மஸ்ட்' கட்டாயத்தையும் சொல்லும், 'ஹீ மஸ்ட் பி அட் ஹோம்' என்று நிச்சயமான ஊகத்தையும் சொல்லும். 'வாப்பா இந்நேரம் வந்திருக்கணும்' என்ற வாக்கியம் எப்படி? வந்திருப்பார் என்ற முடிவாகவும் இருக்கலாம். இன்னும் வரவில்லையே என்ற கவலையாகவும் இருக்கலாம். குரலைக் கேட்டால்தான் தெரியும்.

உறவில்லாத இரு மொழிகள் ஏன் இப்படி ஒரே சொல்லில் இரண்டு பொருளைக் கட்டுகின்றன? அமெரிக்க மொழியியலாளர் லெனார்ட் டால்மி 1988இல் ஒரு விளக்கம் தந்தார்: இச்சொற்களின் அடியில் இருப்பது தள்ளுவிசையும் தடையும். 'மே' என்றால் தடை இல்லை. 'மஸ்ட்' என்றால் ஏதோ ஒன்று பிடித்துத் தள்ளுகிறது. 1990இல் மொழியியலாளர் ஈவ் ஸ்வீட்சர் இதை மனத்துக்குள்ளும் கொண்டுபோனார். நம் கால்களைத் தள்ளுவது உம்மாவின் கட்டளை என்றால், நம் சிந்தனையை ஒரு முடிவை நோக்கித் தள்ளுவது சான்று. வாசலில் செருப்புக் கிடக்கிறது, மோட்டார் சைக்கிள் நிற்கிறது. 'வந்திருக்கணும்' என்ற முடிவுக்கு அவை நம்மைத் தள்ளிவிடுகின்றன. மழை வரலாம் என்றால், அப்படி நினைக்கத் தடையாக எதுவும் தெரியவில்லை என்று பொருள். குழந்தைகளும் திறன், அனுமதி, கட்டாயம் ஆகியவற்றை முதலில் பேசிவிட்டு, ஊகத்துக்குப் பிறகுதான் வருகிறார்கள்.

ஒற்றுமை முறிகிற இடத்தில்தான் நம்மவர்கள் உண்மையில் இடறுகிறார்கள். வேண்டும் என்பதன் எதிர்மறை வேண்டாம். 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்று வானிலை அறிக்கை சொன்னால் அது போகாதே என்ற எச்சரிக்கை. 'நீங்க காசு தர வேணாம், ராத்தா' என்று கடைக்காரர் சொன்னால் தரத் தேவையில்லை என்ற சலுகை. ஆங்கிலம் முதலாவதற்கு 'மஸ்ட் நாட்', இரண்டாவதற்கு 'நீட் நாட்' என்று பிரித்துவைத்திருக்கிறது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர் ஒப்பந்தத்தில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் விளையாட்டல்ல. மரியாதை இன்னோர் இடறல். 'குட் யூ ஹெல்ப் மீ' என்பதில் குட் இறந்தகாலம் அல்ல. கேட்பதைக் கொஞ்சம் தூரத்தில் நிறுத்தி, மறுக்க வழி விடுகிறது. நாம் காலத்தை மாற்றாமல், 'ஒருக்கா வர ஏலுமா?' என்று 'ஒருக்கா'வை வைத்தே அந்தத் தூரத்தை உண்டாக்கிக்கொள்கிறோம்.

'வில்' பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாடநூல்கள் அதை எதிர்காலம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றன. அதன் பழைய பொருள் விரும்புதல். மரண சாசனத்துக்கு ஆங்கிலத்தில் வில் என்று பெயர் வந்ததும் அந்த விருப்பத்தால்தான். சாய்ந்தமருதிலோ அக்கரைப்பற்றிலோ முஸ்லிம்கள், 'நாளைக்கு வருவேன்' என்று வெறுமனே சொல்லி நிறுத்துவதில்லை; 'இன்ஷா அல்லாஹ்' சேர்ந்தே வரும். அல்லாஹ் நாடினால் என்று சேர்க்காமல் நாளை இதைச் செய்வேன் என்று சொல்லாதே என்பது குர்ஆனின் கஹ்ஃப் அத்தியாயம், 23, 24ஆம் வசனங்களின் அறிவுரை. ஆங்கிலம் எதிர்காலத்தைப் பேசுகிறவரின் விருப்பத்தில் கட்டியது. இந்தக் கரையின் தமிழ் அதே எதிர்காலத்தை இறைவனின் நாட்டத்தில் கட்டுகிறது.

அந்தப் பழைய விருப்பம் எதிர்மறையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கரையில் படகு எஞ்சின் கிளம்பாவிட்டால் ஆங்கிலேயர் 'இட் வோண்ட் ஸ்டார்ட்' என்பார். அதில் எதிர்காலமே இல்லை, எஞ்சின் இப்போது மறுக்கிறது. நாமும் அதையேதான் சொல்கிறோம்: 'ஸ்டார்ட் ஆகமாட்டேன் எண்டு நிக்கிது.' ஆளோடு ஒட்டும் விகுதியைக் கைவிடாத அந்த ஒரே துணைவினையை, தன்மை விகுதியோடு, இரும்பின் வாயில் வைத்துவிட்டோம்.