மீண்டும் சிலம்பக் களத்தில்

நுழையும்முன்

தொடங்கிய கலையை இடையில் நிறுத்தியோர் பலர். பொதுத்தேர்வு, இடமாற்றம், உடல்நலக் குறைவு, வீட்டாரின் தயக்கம் எனக் காரணங்கள் பலவாகலாம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்காகப் பரணில் போட்ட சிலம்பக் கம்பை ஈராண்டுக்குப் பின் ஒருவர் மீண்டும் எடுக்கும்போது அவர் உடலில் என்ன நிகழ்கிறது? அவர் எத்தகைய ஆசானைத் தேட வேண்டும்? திரைப்படச் சிலம்பத்தின் நிலமாகிய கோடம்பாக்கத்தை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்கிறது இவ்வுரைநடை.

கை மறவாது

சிலம்பம் பயின்ற ஒருவர் நீண்ட இடைவெளிக்குப் பின் கம்பைக் கையிலெடுத்தால் முதலில் தோன்றுவது வியப்பே. மணிக்கட்டு தானாகத் திரும்புகிறது. கம்பு வலமும் இடமும் மாறிமாறிச் சுழல்கிறது. சிலம்புதல் என்பதற்கு ஒலித்தல் என்று பொருள். காற்றைக் கிழிக்கும் அவ்வொலிகூட மீண்டும் எழுகிறது. நீந்தக் கற்றவரும் மிதிவண்டி ஓட்டக் கற்றவரும் அதனை மறவாதிருப்பதைப் போன்றதே இது. இத்தகைய செயல்திறன்கள் ஆண்டுகளையும் பெயர்களையும் மனப்பாடம் செய்வதினும் வேறான முறையில் மூளையில் பதிகின்றன. சிறுமூளையும் அதனோடு இணைந்து உடலசைவுகளை ஒழுங்குபடுத்தும் பிற பகுதிகளும் அவற்றை நெடுங்காலம் பேணிக்காக்கின்றன.

அவ்வியப்பு ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. மூச்சு வாங்குகிறது; தோள் கனக்கிறது; தாழ்ந்து நின்ற கால்கள் நடுங்குகின்றன. பயிற்சியை நிறுத்திய சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் உழைக்கும் திறன் குறையத் தொடங்கிவிடும். தசையின் வலிமை அதனினும் மெதுவாகக் குறையும். மீண்டும் பயிலத் தொடங்கும்போது தசைகள் விரைவில் தேறிவிடுகின்றன. ஆனால், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் அவ்வளவு விரைவாகத் தேறுவதில்லை. மீள்பவருக்கு இடர் மிகுந்த காலம் இதுவே. முதல் வாரத்தில் உடல் வலிப்பதால் அவர் அடங்கி ஆடுவார். சில வாரங்கள் கழிந்து வலி நீங்கியதும் எல்லாம் திரும்பிவிட்டதாக எண்ணிப் பழைய வேகத்தில் வீசுவார். மணிக்கட்டிலும் முழங்காலிலும் நோவு தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான்.

வளரும் வயதினருக்கு இன்னொன்றும் உண்டு. சிலம்பக் கம்பு, நிற்பவரின் காலடியிலிருந்து நெற்றிவரை உயரம் கொண்டதாக இருத்தல் வழக்கம். பதினான்கு வயதில் நெற்றியைத் தொட்ட கம்பு, பதினாறு வயதில் மூக்கு மட்டத்தில் நின்றுவிடுவது இயல்பு. கம்பு குறுகவில்லை, ஆள் வளர்ந்துவிட்டார். கை நினைவில் வைத்திருப்பது அந்தச் சிறிய உடலின் வீச்சையும் தொலைவையுமே. நீண்ட கையோடும் நீண்ட காலோடும் அதே வீச்சை வீசினால் கம்பு தன் முழங்காலிலேயே வந்து படும். எனவே, மீள்பவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வதில்லை. பழகிய ஒன்றைப் புதிய உடலுக்கு மீண்டும் கற்பிக்கிறார்.

கோடம்பாக்கத்துக் கம்பு

ஏ.வி.எம். படப்பிடிப்பு நிலையம் 1948இல் காரைக்குடியிலிருந்து சென்னைக்கு இடம்பெயர்ந்தது. கோடம்பாக்கமும் அதனை அடுத்த வடபழனியும் தமிழ்த் திரையுலகின் மறுபெயராயின. ஊர்த் திருவிழாக்களில் ஆடப்பட்ட சிலம்பம் படப்பிடிப்புத் தளத்துக்குள் நுழைந்தது. 1963இல் வெளிவந்த ‘பெரிய இடத்துப் பெண்’ படத்தில் எம்.ஜி.ஆர். சிலம்பம் ஆடினார், 1992இல் வெளிவந்த ‘தேவர் மகன்’ படத்தில் கமல்ஹாசன் ஆடினார். கம்பைத் தொட்டே அறியாத நகரத்துச் சிறுவர்களுக்குச் சிலம்பத்தின்மேல் ஆசையை ஊட்டியது திரைதான்.

திரைப்படம் சிலம்பத்தைக் கெடுத்துவிட்டது என்று கூறுவோர் உளர். அக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. திரைச்சண்டை தனக்கெனத் தனி நுட்பங்கள் கொண்ட கடினமான தொழில். அடிபடாமலேயே அடிபட்டதுபோலக் காட்டுதல் அதன் நோக்கம். எதிராளியின் உடலுக்கு ஓரடி தள்ளியே கம்பு செல்லும்; ஒளிப்படக்கருவி நிற்கும் கோணம் அந்த இடைவெளியை மறைத்துவிடும். நொடிக்கு 24 சட்டங்கள் என்னும் வழக்கமான அளவைவிடக் குறைத்துப் படம்பிடித்து, வழக்கமான வேகத்தில் திரையிட்டால் சாதாரண வீச்சும் மின்னலாகத் தெரியும். காண்போருக்குக் கம்பு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால் வீச்சுகள் அகன்றும் உயர்ந்தும் இருக்கும்.

களத்தில் தேவைப்படுவதோ இதற்கு நேர்மாறானது. எதிரில் நிற்பவர் கம்பு வரும் திசையை அறிந்துவிடக் கூடாது. அகன்ற வீச்சு அவருக்கு முன்னறிவிப்பாகிவிடும். ‘தொடுமுறை’ எனப்படும் போட்டியில் கம்பின் நுனி எதிராளியின் உடலைத் தொட்டால்தான் புள்ளி கிடைக்கும். ஓரடி தள்ளி வீசிப் பழகியவர் அங்கே ஒரு புள்ளியும் பெற முடியாது. திரைக்குப் பழகிய கை, தொடக் கூடாது என்று கற்றிருக்கிறது. களத்துக்குப் பழகிய கை, தொட வேண்டும் என்று கற்றிருக்கிறது. இரண்டையும் ஒன்றென எண்ணி ஓரிடத்தில் பயின்றவர் மற்றோரிடத்தில் சேரும்போதுதான் தொல்லை.

சென்னை போன்ற நகரத்தில் மேடைக்கும் திரைக்கும் ஆடக் கற்பிப்போர், போட்டிக்குக் கற்பிப்போர், தம் ஆசான் காட்டிய மரபுவழி மாறாது கற்பிப்போர் என மூவகையினரும் உள்ளனர். இவற்றுள் உயர்வு தாழ்வு இல்லை. ஆனால், தாம் விட்டது எது, இப்போது நாடுவது எது என்பதை மீள்பவர் தமக்குள் தெளிந்துகொண்டே படியேற வேண்டும். பேச்சுவழக்கில் செயலின்றிப் பகட்டுபவரை ‘வெறுங்கம்பு சுற்றுகிறார்’ என்கிறோம். ‘வீடு கட்டி அடித்தல்’ என்னும் தொடரும் இக்கலையில் பிறந்ததே. வீடு கட்டுதல் என்பது கட்டம் வகுத்ததுபோல அடிவைத்துச் சுற்றிவந்து தனக்கென ஒரு வெளியைப் பிடித்துக்கொள்ளும் காலடிமுறை. இரு வழக்குகளில் ஒன்று கையைச் சுட்டுகிறது; மற்றொன்று காலைச் சுட்டுகிறது. சிலம்பத்தின் உயிர் எங்கிருக்கிறது என்பதை மக்கள் வழக்கு அறிந்தே வைத்திருக்கிறது.

எத்தனை பேர், எவ்வளவு இடம்?

கோடம்பாக்கத்தில் நிலம் அரிது. மாநகராட்சிப் பூங்காக்களிலும் பள்ளித் திடல்களிலும் மொட்டைமாடிகளிலும்தான் பெரும்பாலான பயிற்சி நடைபெறுகிறது. ஆகவே, பயிற்சிக்கூடத்தின் தரத்தை அறிய எளிய கணக்கு ஒன்று உதவும். ஐந்தரை அடிக் கம்பின் நுனியைப் பற்றிக் கையை நீட்டி வீசினால், கையின் நீளம் இரண்டடியையும் சேர்த்து ஏழரை அடிவரை கம்பு எட்டும். எனவே ஒருவர் முழு வீச்சில் சுழல 15 அடி விட்டமுள்ள வட்டம் வேண்டும். 30 அடிக்கு 45 அடி என்னும் மொட்டைமாடியில் ஒரே நேரத்தில் அவ்வாறு ஆட ஆறு பேருக்குத்தான் இடமுண்டு.

அதே மாடியில் முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கம்பு வீசினால் இரண்டில் ஒன்று நிகழும். ஒருவர் கம்பு மற்றொருவர் கண்ணுக்கு அருகில் செல்லும். அன்றேல், அனைவரும் கையைக் குறுக்கிக்கொண்டு நடுக்கம்பைப் பிடித்துச் சுழற்றும் அலங்கார வீச்சை மட்டுமே கற்பர். நல்ல கூடத்தில் ஆறு பேர் ஆட, மற்றவர் ஓரமாக நின்று வெறுங்கையோடு காலடி பழகுவர். பின்பு முறை மாறும். சேர்க்கைக் கட்டணத்தைக் கேட்பதற்கு முன்பே இதனை நின்று எண்ணிப் பார்த்துவிடலாம். சுற்றுச்சுவரின் உயரத்தையும் மேலே செல்லும் மின்கம்பியையும்கூடப் பார்த்துக்கொள்வது நன்று.

ஆசானை அறிதல்

முன்னாளில் ‘வாத்தியார்’ என்றும் ‘ஆசான்’ என்றும் அழைக்கப்பட்டவரை இன்றைய சென்னை மாணவர்கள் ‘மாஸ்டர்’ என்கின்றனர். அழைப்பு எதுவாயினும், அவர் எதைப் பார்க்கிறார் என்பதே கவனிக்கத்தக்கது. ஒரு நாள் முழுவதும் ஓரமாக அமர்ந்து நோக்கினால் தெரிந்துவிடும். சிலர் மாணவரின் கையைப் பார்த்து “வேகம், வேகம்” என்பர். சிலரின் பார்வை பாதத்திலேயே நிற்கும். முன்காலில் உடலின் எடை விழுந்துவிட்டால் அப்போதே நிறுத்தித் திருத்துவர். மீள்பவருக்கு வேண்டியவர் இரண்டாமவரே. அவரிடம் சேரும் மாணவர் சற்றுச் சலிப்படையவும் கூடும்.

இடையில் விட்ட மாணவி ஒருத்தி இத்தகைய ஆசானிடம் வருவதாகக் கொள்வோம்.

“எத்தனை வருஷம் ஆடினேம்மா?”

“மூணு வருஷம், மாஸ்டர். நாகம் பதினாறு வரைக்கும் வந்தேன். பத்தாவதுல விட்டுட்டேன்.”

“சரி. இப்ப எங்கயாவது வலி இருக்கா? முட்டி, மணிக்கட்டு?”

“இல்ல மாஸ்டர்.”

“உன் பழைய வாத்தியார் சொல்லிக்கொடுத்த முதல் காலடிய ஆடிக் காட்டு. கம்பு வேணாம்.”

இச்சிறு உரையாடலில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. பெற்ற பதக்கங்களைப் பற்றி அவர் வினவவில்லை. உடலைப் பற்றி வினவினார். பழைய ஆசானைக் குறைகூறவில்லை. கம்பை உடனே தரவுமில்லை. வணக்கமாகிய சலாம் வரிசையிலும் காலடிகளிலும் சிலம்ப மரபுகள் தம்முள் வேறுபடுகின்றன. ஆசான் மாறினால் அடியும் மாறும். “அங்கே கற்றதெல்லாம் தவறு” என்று முதல் நாளிலேயே கூறுபவர், மாணவரின் மூன்றாண்டு உழைப்பைக் குப்பையில் கொட்டச் சொல்கிறார். “அங்கே அப்படி, இங்கே இப்படி, ஏன் என்பது போகப்போகப் புரியும்” என்பவரிடம் சேரலாம்.

பெண்பிள்ளைகள் பலர் இக்கலையை விட நேர்ந்தது தேர்வினால் மட்டுமன்று. வளர்ந்த பெண் திடலில் கம்பு சுழற்றுவதை வீட்டார் விரும்பாமையும், உடை மாற்ற மறைவிடமும் கழிப்பறையும் இல்லாமையும் காரணங்களாயின. ஆகவே கூடத்தில் மூத்த மாணவியர் உள்ளனரா என்று பார்ப்பது, ஆசானின் புகழைக் கேட்பதைவிடப் பயன்தரும். சிறுமியர் பலர் இருந்தும் பதினைந்து வயதைக் கடந்தோர் ஒருவரும் இல்லையெனில், அக்கூடத்தில் ஏதோ ஒன்று அவர்களை நிலைக்கவிடவில்லை.

சான்றிதழ் பற்றியும் ஒரு சொல். சிலம்பத்துக்குச் சங்கங்கள் பல. ஒவ்வொன்றும் சான்றிதழ் வழங்குகிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற ‘கேலோ இந்தியா’ இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. தமிழ்நாடு அரசுப் பணிக்கான 3 விழுக்காடு விளையாட்டு இடஒதுக்கீட்டிலும் அது சேர்க்கப்பட்டுள்ளது. இதனால் சான்றிதழின்மேல் விருப்பம் பெருகியிருப்பது இயல்பே. எனினும், எல்லாச் சங்கங்களின் சான்றிதழும் எல்லா இடத்திலும் ஏற்கப்படும் எனக் கொள்ளலாகாது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே அதற்கெனப் பணம் செலுத்துதல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

கேரள மாநிலம் வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மா ஏழு வயதில் களரிப்பயிற்றுக் கற்கத் தொடங்கியவர். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அப்போது எழுபது வயதைக் கடந்திருந்த அவர், மாணவர்களுக்குக் களரி கற்பித்துவந்தார்.

முதல் மாதம்

மீள்பவரின் முதல் வாரம் பெரும்பாலும் காலடியிலேயே கழியும். கம்பு சுவரில் சாய்ந்திருக்கும். இரண்டாம் வாரத்தில் கம்பு கைக்கு வந்தாலும் வீச்சு பாதி வேகத்திலேயே இருக்கும். வலக்கைப் பழக்கம் உடையவர் இடக்கைக்கே கூடுதல் நேரம் ஒதுக்குவார். இணையாக நின்று ஆடுவதை ஆசான் ஒரு மாதத்துக்குமேல் தள்ளிப்போடவும் கூடும். தம்மினும் இளைய பிள்ளைகள் சுழன்று ஆடுவதைப் பார்த்தவாறு ஓரத்தில் நின்று அடி எண்ணுவது பதினாறு வயதினருக்கு எளிதன்று. மீண்டும் வந்தவர்களுள் சிலர் இந்த நாணத்தினாலேயே இரண்டாம் முறையும் விட்டுச் செல்கின்றனர். உடல்வலியால் விடுவோர் அவர்களினும் குறைவாகவே இருப்பர்.

காலடி நிலைபெற்றபின் ஒரு நாள் ஆசான் புதிய மூங்கில் ஒன்றை நிலத்தில் ஊன்றி, மாணவியை அதனருகில் நிற்கச் செய்து, நெற்றி மட்டத்தில் கரிக்கோடு இடுவார். அளவாக நறுக்கி, கணுக்களைத் தேய்த்து, எண்ணெய் பூசி அவள் கையில் தருவார். அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய கம்பு, அதே கூடத்தில் அது நெற்றிக்குப் பொருந்தும் சிறுவன் ஒருவனிடம் போய்ச் சேரும்.