பார்சல் மேல் ஒட்டிய தாள்

வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்து மார்க்கபந்தீஸ்வரருக்கு வழித்துணை நாதர் என்றும் பெயர். மிளகு மூட்டைகளோடு வந்த வணிகர் ஒருவர், போகும் வழியில் கள்ளர் பயம் என்று இந்தச் சந்நிதியில் முறையிட, இறைவனே கூடவந்து வழிகாத்தார் என்பது தல வரலாறு. மதிலழகுக்குப் பேர்போன கோயில் இது. ஆனால் இந்த ஊர் வியாபாரிகளின் மனத்தில் நின்றது என்னவோ மதிலைவிட அந்த வழித்துணைதான். பாலாற்றங்கரையில் சரக்கு செய்வது என்றுமே பெரிய பாடாக இருந்ததில்லை. செய்த சரக்கு போய்ச் சேர வேண்டுமே என்பதுதான் கவலை.

அந்தக் கவலை இன்னும் தீரவில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் பல வருடம் ஸ்டிச்சிங் பார்த்த ஒரு பெண், வேலையை விட்டபின் விரிஞ்சிபுரத்து வீட்டிலேயே மெஷின் போட்டுத் தோல் பர்ஸ் தைத்து ஆன்லைனில் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓரம் சீவுவதிலும் மடிப்பு ஒட்டுவதிலும் தையலில் அங்குலத்துக்கு எத்தனை குத்து என்பதிலும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அமெரிக்காவிலிருந்து 40 டாலருக்கு ஓர் ஆர்டர் வருகிறது. பர்ஸ் இரண்டு நாளில் தயார். ஆனால் அது வாங்கியவர் கைக்குப் போவதற்குள் வழியில் நின்றுவிடுகிறது. ‘சுங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது’ என்று டிராக்கிங்கில் ஒரு வரி வருகிறது. அதன்பின் பத்து நாள் ஒரு வரியும் இல்லை. வாங்கியவர் மெசேஜ் மேல் மெசேஜ் போடுகிறார். ஒரு நட்சத்திர ரேட்டிங் விழுகிறது.

அந்தப் பத்து நாளில் என்னதான் நடக்கிறது?

சுங்க அதிகாரி முதலில் பார்ப்பது பர்ஸை அல்ல, பார்சல் மேல் ஒட்டியிருக்கும் தாளை. 1874-இல் பெர்ன் நகரில் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியத்தில் இந்தியா 1876-இலேயே சேர்ந்துவிட்டது. அந்த ஒன்றியம் வகுத்த சுங்க அறிவிப்புத் தாள்கள் இரண்டு. சிறு பொட்டலத்துக்கு சிஎன் 22, மதிப்பு கூடியதற்கும் பார்சலுக்கும் சிஎன் 23. உள்ளே என்ன, எத்தனை, எவ்வளவு எடை, என்ன விலை, எந்த நாட்டில் செய்தது, விற்பனையா அன்பளிப்பா மாதிரியா என்று அதில் எழுத வேண்டும். இப்போது தாள் போவதற்கு முன்பே இந்த விவரம் கணினி வழியாகப் போய்விட வேண்டும். அமெரிக்கா 2018-இல் போட்ட சட்டமும், ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச்சில் கொண்டுவந்த முன்னறிவிப்பு முறையும் இதைக் கட்டாயமாக்கின. பார்சல் விமானம் ஏறும் முன்பே அதன் விவரம் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தாளில் ஒன்றும் கணினியில் வேறொன்றும் இருந்தால் பார்சல் ஓரமாக எடுத்து வைக்கப்படும். பெரும்பாலான தாமதம் அந்த ஓரத்தில்தான் நடக்கிறது.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. ஜெர்மனியில் இருக்கும் தங்கைக்கு ஆம்பூரில் வாங்கிய செருப்பும் பெல்ட்டும் அனுப்பினேன். தாளில் ‘தோல் பொருட்கள்’ என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதி, அன்பளிப்பு என்ற கட்டத்தில் டிக் அடித்து, விலையைக் காலியாக விட்டேன். மூன்று வாரம் கழித்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. அரை நாள் லீவு போட்டு, பக்கத்து ஊர்ச் சுங்க அலுவலகத்துக்குப் போய், அதிகாரி முன்னால் அவளே பெட்டியைப் பிரித்து, நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரசீதைக் காட்டி எடுத்துவந்தாள். மறைப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. ‘ஆண்கள் பெல்ட், மாட்டுத்தோல், ஒன்று’ என்று ஒரு வரியும் அதன் விலையும் எழுதியிருந்தால் அவளுக்கு அந்த அலைச்சல் இருந்திருக்காது.

ஒரு வரி எழுதுவதிலும் ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. வார்த்தை ஊருக்கு ஊர் மாறும், எண் மாறாது. அதனால்தான் உலக சுங்க அமைப்பு 1988-இல் எச்.எஸ். எண் என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தது. உலகத்தில் விற்கிற எல்லாச் சரக்குக்கும் ஆறு இலக்கத்தில் ஒரு எண். நம் பர்ஸின் எண் 420231. முதல் இரண்டு இலக்கமான 42 என்பது தோலால் செய்த பொருள்களின் அத்தியாயம். அடுத்த 02 பெட்டி, கைப்பை, பர்ஸ் வகையறா. கடைசி 31, ‘பாக்கெட்டிலோ கைப்பைக்குள்ளோ வைத்துக்கொள்ளும் பொருள், வெளிப்புறம் தோல்’. வெளிப்புறம் என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். உள்ளே துணி லைனிங் எவ்வளவு போட்டாலும் எண் மாறாது. வெளிப்புறம் ரெக்சின் என்றால் மாறிவிடும். அதே தோலில் பெல்ட் செய்தால் 420330. ஷூவாகத் தைத்துவிட்டால் 42-ஐ விட்டே போய்விடும். தோல் அப்பர் வைத்த ஷூ 6403, அப்பர் மட்டும் தனியாக என்றால் 6406. ஆறு இலக்கம் உலகத்துக்குப் பொது. அதற்கு மேல் இந்தியா இரண்டு சேர்த்து எட்டாக்கிக்கொள்கிறது, அமெரிக்கா நான்கு சேர்த்துப் பத்தாக்குகிறது.

எண் மாறினால் வரியும் மாறும். அமெரிக்காவின் வழக்கமான அட்டவணையில் தோல் பெல்ட்டுக்கு 2.7 சதவீதம், தோல் பர்ஸ் பெரும்பாலானவற்றுக்கு 8 சதவீதம். ஒரே தோலில் வெட்டிய இரண்டு பொருள்களுக்கு நடுவே இவ்வளவு தூரம். விற்பவர் எண்ணை எழுதாமல் விட்டால் அங்கே யாரோ ஒருவர் ஊகித்து எழுதுவார். அந்த ஊகம் தப்பினால் கூடுதல் பணம் வாங்குபவர் தலையில் விழும்.

தாளில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, பார்கோடுக்குக் கீழே. முன்னால் இரண்டு எழுத்து, நடுவே ஒன்பது இலக்கம், பின்னால் நாட்டைக் குறிக்கும் ஐஎன். இதைத்தான் நான் இந்தக் காலத்து வழித்துணை என்பேன். ஒன்பது இலக்கத்தில் முதல் எட்டுதான் வரிசை எண். ஒன்பதாவது காவல் இலக்கம். வரிசை எண் 12345678 என்று இருந்தால் அதன் இலக்கங்களை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 என்ற எண்களால் பெருக்கிக் கூட்டுகிறார்கள். கூட்டுத்தொகை 204. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 6. பதினொன்றில் ஆறு போனால் 5. ஆக அந்தப் பார்சலின் எண் 123456785. வழியில் எந்த ஊழியராவது கையால் தட்டும்போது ஓர் இலக்கம் தவறினால் பெரும்பாலும் கணக்கு இடிக்கும், கணினி அந்த எண்ணை ஏற்காது. வேலூரில் ஒட்டிய ஒரு துண்டுத் தாளை சிகாகோவில் இருப்பவர் நம்புவது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

தோலுக்கென்று தனியாக இரண்டு கண்டங்கள் உண்டு. ஒன்று குரோமியம். வேலூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கத்து டேனரிகளில் பெரும்பாலும் குரோம் உப்பில்தான் தோல் பதனிடுகிறார்கள். அது மூன்றாம் நிலைக் குரோமியம், பெரிய தீங்கில்லாதது. பதனிடுவதில் பக்குவம் தவறினாலோ, தோல் வெப்பத்தில் கிடந்தாலோ அதில் கொஞ்சம் ஆறாம் நிலையாக மாறும். அது உடம்பில் பட்டால் அரிப்பும் ஒவ்வாமையும் வரும். எனவே உடலில் படும் தோல் பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் விதித்திருக்கிறது. பெரிய கம்பெனிகள் லாட் லாட்டாகச் சோதித்துச் சான்று வைத்திருக்கின்றன. வெட்டுத்துண்டை எடைக்கு வாங்கித் தைப்பவருக்கு அது எந்த டேனரித் தோல் என்றே தெரியாது. வாங்கும் இடத்திலேயே அதன் சோதனை அறிக்கைக்கு ஒரு நகல் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. இரண்டாவது கண்டம் பெயர். பாம்புத் தோல் போல அச்சடித்த மாட்டுத்தோலை, கவர்ச்சிக்காகப் ‘பாம்புத்தோல் பர்ஸ்’ என்று விளம்பரத்தில் போட்டு அதையே தாளிலும் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். 1972-ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டம் இருக்கும் நாட்டில் அந்தப் பெயரில் பார்சல் நகராது. மாட்டுத்தோல், மேலே அச்சு என்று எழுதுவதே சரி.

இனி பணம். வாங்குபவர் கதவைத் தட்டி டெலிவரிக்காரர் கேட்கும் தொகை முழுவதையும் ‘டூட்டி’ என்றே எல்லோரும் சொல்கிறோம். அதற்குள் மூன்று தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன. சுங்க வரி ஒன்று. அந்த நாட்டு விற்பனை வரி ஒன்று, நம் ஜிஎஸ்டி மாதிரி. மூன்றாவது, வரியை முன்பணமாகக் கட்டிக் காகித வேலை பார்த்ததற்காகக் கூரியரோ அஞ்சல் நிறுவனமோ எடுத்துக்கொள்ளும் கட்டணம். இது அரசுக்குப் போவதில்லை, பெரும்பாலும் பொருளின் விலையைப் பார்ப்பதும் இல்லை. பிரிட்டனில் ராயல் மெயிலின் கையாளும் கட்டணம் 8 பவுண்டு. விற்கும்போதே வாட் கட்டாமல் 40 பவுண்டு பர்ஸை அனுப்பினால் 20 சதவீத வாட் 8 பவுண்டு, அதை வசூலித்துத் தருவதற்கு இன்னொரு 8 பவுண்டு. ஆயிரம் பவுண்டு கைப்பைக்கு அந்த எட்டு ஒரு பொருட்டே இல்லை. சிறு சரக்கைக் கொல்வது வரியைவிட இந்த நிலைக்கட்டணம்தான் என்பது என் எண்ணம். வரி விகிதம் பற்றி நாடுகள் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதில் எனக்கு மெய்யான வருத்தம் உண்டு.

சின்னப் பொட்டலத்துக்கு வரி வேண்டாம், வசூலிக்கும் செலவே வரியைவிட அதிகம் என்று ஒரு காலத்தில் பல நாடுகளும் ஒப்புக்கொண்டிருந்தன. அந்தச் சலுகை ஒவ்வொன்றாகப் போய்விட்டது. ஆஸ்திரேலியா 2018 ஜூலையில் சிறு இறக்குமதிக்கும் ஜிஎஸ்டி போட்டது. 22 யூரோ வரை இருந்த வாட் விலக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் எடுத்தது. நாமும் சும்மா இருக்கவில்லை. 5,000 ரூபாய் வரை வரியில்லாமல் வந்த அன்பளிப்புப் பார்சல்களை, ராக்கி போன்ற சிலவற்றைத் தவிர, 2019 டிசம்பரில் நிறுத்தினோம். அமெரிக்கா வாசலைத் திறந்தே வைத்திருந்தது; 2016 முதல் 800 டாலர் வரை. அந்த வாசல் வழியே 2015-இல் 14 கோடிக்குச் சற்றுக் குறைவான பொட்டலங்கள் போயின. 2024-இல் 136 கோடி. பெரும்பகுதி சீனாவிலிருந்து. 2025 ஆகஸ்ட் 29-ஆம் தேதி அந்த வாசலும் எல்லா நாடுகளுக்கும் அடைக்கப்பட்டது.

அந்த வாரம் நடந்தது அஞ்சல் வரலாற்றில் பதிய வேண்டியது. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்ற ஏற்பாடு முடியாமலே தேதி வந்துவிட்டது. விமான நிறுவனங்கள் அமெரிக்க அஞ்சல் சரக்கை ஏற்ற மறுத்தன. இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் கடிதம், ஆவணம், 100 டாலர் வரையான அன்பளிப்பு தவிர மற்றதை நிறுத்தியது. 88 அஞ்சல் அமைப்புகள் முழுதாகவோ ஓரளவோ நிறுத்தியதாகவும், அமெரிக்காவுக்குப் போன அஞ்சல் ஒரே வாரத்தில் 81 சதவீதம் விழுந்ததாகவும் உலக அஞ்சல் ஒன்றியம் சொன்னது. அதே ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதக் கூடுதல் வரி. ஆம்பூர் கம்பெனிகளின் கவலை செய்தித்தாளில் வந்தது. தீபாவளி, கிறிஸ்துமஸ் ஆர்டரை நம்பித் தோல் வாங்கிப்போட்ட வீட்டுத் தொழில்காரர்களின் கவலை என் கண்ணில் பட்ட எந்தச் செய்தியிலும் வரவில்லை.

அக்டோபர் 15-ஆம் தேதி சேவை திரும்பியபோது ஒரு நல்ல மாற்றத்தோடு திரும்பியது. வரியை இங்கேயே, அனுப்பும்போதே கட்டிவிடலாம். நம் 40 டாலர் பர்ஸுக்கு அன்றைய விகிதப்படி 20 டாலரை அஞ்சலகத்திலேயே கட்டிவிட்டால் அங்கே வாசலில் யாரும் கை நீட்டமாட்டார்கள். அஞ்சலுக்கு அப்போது 50 சதவீதம் மட்டும்தான்; கூரியரிலோ கண்டெய்னரிலோ போன பர்ஸுக்கு அதன் மேல் அந்த 8 சதவீதமும் சேர்ந்தது. விகிதங்கள் மாறிக்கொண்டே இருப்பவை, அனுப்பும் அன்று கேட்டுக்கொள்ள வேண்டும். அனுப்புபவரே கட்டும் இந்த வழியைத் தொழிலில் டிடிபி என்பார்கள், பெறுபவர் கட்டும் வழியை டிடியு. புதிய விற்பனையாளர் டிடிபி-யில் போவதே மேல். வரியை விலையோடு சேர்த்துச் சொன்னால் விலை கூடுதலாகத் தெரியும்தான். ஆனால் வாசலில் நின்று திடீரென்று பணம் கேட்கப்பட்டவர் பார்சலைத் திருப்பிவிடுவார். மறுபடி நம்மிடம் வாங்கவும் மாட்டார்.

இந்தியப் பக்கத்து வேலை முன்பைவிட எளிது. பான் எண்ணை வைத்து 500 ரூபாயில் ஏற்றுமதி எண் எடுக்கலாம். ஜிஎஸ்டி உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் வரி கட்டாமலே ஏற்றுமதி செய்யலாம். முன்பெல்லாம் அயல்நாட்டு அஞ்சலகத்துக்கே போய்ச் சுங்கக் காகிதம் கொடுக்க வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் வந்த புதிய விதிகளுக்குப் பின், டாக் கர் நிர்யாத் கேந்திரா என்று பெயரிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் வழியாக, அஞ்சல் ஏற்றுமதிப் பட்டியலை வீட்டிலிருந்தே போனில் நிரப்பலாம். சுங்கம் அதை ஆன்லைனிலேயே பார்த்து அனுமதிக்கிறது.

அந்தப் பட்டியலின் நகலைப் பலர் அன்றே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அளவு பிடிக்கவில்லை, நிறம் சரியில்லை என்று பெல்ட் திரும்பி வந்தால், இந்தியச் சுங்கத்துக்கு அது ஒரு புது இறக்குமதி. இங்கிருந்து போன அதே பெல்ட் இது என்று காட்டினால்தான், மூன்று வருடத்துக்குள் திரும்பியது என்ற விதியின்படி இறக்குமதி வரியிலிருந்து விலக்கு கிடைக்கும். அந்த நகலும் ஒரு போட்டோவும் இல்லாமல் அதைக் காட்ட வழியில்லை. தன் கையால் தைத்த பெல்ட்டுக்குத் தானே இறக்குமதி வரி கட்டும்படி ஆகிவிடும். எனவே தையல் மெஷின் மேஜையின் இழுப்பறையில், ஊசிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஃபைல் இருக்கட்டும். ஒவ்வொரு பார்சலுக்கும் பார்கோடுக்குக் கீழே இருக்கும் அந்தப் பதின்மூன்று எழுத்து எண், பட்டியல் நகல், ஒட்டுவதற்கு முன் எடுத்த ஒரு போட்டோ.