குளிர்பதனக் கிடங்கில் ஹெட்செட்: ஈரமே பகை

வயல் வேலை குறையும் மாதங்களில் சிறு விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் வெளி வேலைக்குச் செல்வது வழக்கம். குளிர்பதனக் கிடங்கு வேலையும் அவற்றில் ஒன்று. பெரிய கிடங்குகள் சிலவற்றில் சீட்டைப் பார்த்துச் சரக்கு எடுப்பதில்லை. எந்த வரிசை, எந்த அடுக்கு, எத்தனை பெட்டி என்பதைத் தலையில் மாட்டிய ஹெட்செட் காதில் சொல்லும். அடுக்கில் எழுதியுள்ள எண்ணை மைக்கில் படித்தால், இடம் சரிதானா என்று கருவி சரிபார்க்கும். கனமான கையுறையைக் கழற்றாமலே பெட்டியைத் தூக்கலாம்.

உறைந்த உணவுப் பொருள்களை மைனஸ் 18 டிகிரி சென்டிகிரேடு அல்லது அதற்கும் கீழான குளிரில் வைப்பார்கள். அங்கே கருவி பழுதானால் சரக்கு மாறும்; பழி தொழிலாளி மேல் விழும். சரியாகக் கேட்கவில்லை என்று குல்லாயைக் கழற்றினால் காதுக்கே ஆபத்து.

ஈரம் படிவது எப்படி?

கோடையில் குளிர்ந்த நீர் உள்ள செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருக்கிறோம். குளிர் அறையிலிருந்து எடுத்த விதைப் பொட்டலத்தை உடனே பிரித்தால் விதையில் ஈரம் படியும். ஹெட்செட்டுக்கும் இதே கதிதான். வெளியே வந்ததும் காற்றிலுள்ள ஈரம் மைக்கிலும் இணைப்பு முனைகளிலும் நீராகப் படியும். அப்படியே மீண்டும் உள்ளே சென்றால் அது பனியாக உறைந்துவிடும்.

எனவே வேலை முடிந்ததும், கிடங்கின் உட்புறம் வாசலருகிலேயே ஹெட்செட்டை உலர்ந்த பாலிதீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி நீக்கி, வாயை இறுகக் கட்ட வேண்டும். வெளியே வந்தபின் கருவியின் குளிர்ச்சி முழுதும் நீங்கும் வரை பையைப் பிரிக்கக் கூடாது. ஈரம் பட்டுவிட்டால் உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றாட வைக்கவும். அடுப்பருகே காட்டக் கூடாது. இடைவேளைக்கு வெளியே வந்து கருவி நனைந்துவிட்டால், உலர்ந்த மாற்றுக் கருவியுடன் உள்ளே செல்வதே நலம்.

கவனிக்க வேண்டியவை

1. மைக், உதட்டோரத்திலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி இருக்கட்டும். மூச்சு நேராகப் படக் கூடாது.

2. மைக்கின் பஞ்சு உறையில் மூச்சின் ஈரம் உறைந்தால் குரல் மங்கும். உலர்ந்த மாற்று உறை ஒன்றைக் கைவசம் வைத்திருக்கவும்.

3. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழான குளிரில் சார்ஜ் செய்தால் கெடும். வெளியே, குளிர்ச்சி நீங்கிய பிறகே சார்ஜில் போடவும்.

4. குளிரில் ஒயர் விறைத்துவிடும். மடிக்கவோ இழுக்கவோ கூடாது.

5. காதில் படும் பஞ்சு அவரவருக்குத் தனியாக இருக்க வேண்டும்.

6. ஒரு காதில் மட்டும் ஒலிப்பானை வைத்து, அதன் மேல் குல்லாய் அணியவும். மறு காது, வண்டி வரும் ஓசையைக் கேட்கட்டும். ஒலி போதவில்லை என்றால் ஒலியைக் கூட்ட வேண்டுமேயன்றிக் குல்லாயை நீக்கக் கூடாது.

காது மரத்து, நிறம் வெளிறினால் தேய்க்காமல் உடனே வெளியே வந்து, உள்ளங்கையால் மூடிச் சூடு ஏற்ற வேண்டும். உணர்ச்சி திரும்பாவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மாற்று உறை, பை, உலர்ந்த கருவி ஆகியவற்றை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம் என்று வேலைக்குப் புறப்படும் பிள்ளைகளிடம் பெரியவர்கள் சொல்லி அனுப்புங்கள். கருவி கோளாறு செய்தால் அன்றே தெரிவிக்கட்டும். பிறகு சரக்கு மாறினால் வீண் பழி வராது.