பல்லியமும் கட்டற்ற ஜாஸும்: ஒரு திரையிசை விளக்கம்

கீரிப்பாறையைச் சூழ்ந்த நாஞ்சில் நாட்டு ஊர்களில் கொடைவிழாக் கண்டோர் இதனை அறிவர். வில்லிசைப் புலவர் கட்டிய பாட்டை விட்டுத் தம் கற்பனையில் கதையை நீட்டுவார். குடமும் உடுக்கையும் அவர் போக்கிற்கு இணங்கித் தொடரும். சாமியாடுவார்க்கு அருள் ஏறின் தாளம் முடுகும். அவர் தணியின் தாளமும் தணியும். தன்னிலை இழந்தாரை இசை பின்தொடர்கின்றது. அவ்வாறு பின்தொடராது நின்ற இசை ஒன்றினை, அதன் பயன் விளங்குதற்பொருட்டு, ஈண்டு ஆராய்கின்றோம். அஃது 1991இல் வெளிவந்த 'நேக்கட் லஞ்ச்' எனும் திரைப்படத்திற்கு அமைந்த இசையாம்.

பல்லியம் எனும் பழஞ்சொல்லை மேலைநாட்டு 'ஆர்கெஸ்ட்ரா'விற்கு ஆள்கின்றோம். கட்டற்ற ஜாஸ் என்பதற்குச் சிறிது விளக்கம் வேண்டும். ஜாஸ் கலைஞர் பெரும்பாலும் முன்னரே வகுத்த சுரக்கூட்டு வரிசையின்மீது கற்பனை செய்வர். அமெரிக்கராகிய ஆர்னெட் கோல்மன் அவ்வரிசையைக் கைவிட்டார். 1960 டிசம்பரில் எண்மர் கூடி ஏறத்தாழ 37 நிமிடம் வாசித்த 'ஃப்ரீ ஜாஸ்' எனும் இசைத்தட்டே இவ்வகைக்குப் பெயர் தந்தது. இதனை ஒழுங்கின்மை எனல் பிழை. எழுதிவைத்த சிறு பகுதிகள் அதனிடையேயும் உள. நம் ஆளத்தி தாளத்திற்கு அடங்காவிடினும் பண்ணிற்கு அடங்கும். கோல்மன் அக்கட்டினையும் தளர்த்தினார்.

வில்லியம் பரோஸ் 1959இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவி இப்படத்தை இயக்கியவர் டேவிட் குரோனன்பெர்க். பூச்சிமருந்துப் பொடிக்கே அடிமையாகி, தட்டச்சுப்பொறி வண்டாகிப் பேசக் காணும் ஒருவனே தலைவன். ஹோவர்ட் ஷோர் எழுதிய இசையை இலண்டன் பில்ஹார்மோனிக் பல்லியம் வாசிக்க, அதன்மேல் கோல்மனின் சாக்சபோன் கற்பனையாய் எழுகின்றது.

தாழ்ந்த நரம்பிசை மெல்ல ஊர்கின்றது. சாக்சபோன் துள்ளும், முறியும், அரற்றும். அது விரையுந்தோறும் பல்லியமும் விரைந்திருப்பின் கேட்போரும் வெறிகொண்டிருப்பர். ஷோர் அது செய்திலர். தலைவன் பிதற்றுகின்றான், அவனைச் சூழ்ந்த உலகம் அசையவில்லை. இரண்டினையும் நாம் ஒருங்கே கேட்கின்றோம். நாகசுரத்தின் ஒத்துப்போல் இப்பல்லியம் ஒரே சுரத்தைத் தாங்கி நிற்பதுமன்று; சாக்சபோனைக் கேளாமலே தன் சுரக்கூட்டை மாற்றுகின்றது. அவ்விடத்து எழும் மோதலை முதற்கண் அபசுரம் என்றே நாமும் கருதினோம். மீளக் கேட்டபோதே, அம்மோதலே கதையின் பொருள் எனத் தெளிந்தோம்.

தமிழ்ப்படங்களில் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) இங்கு நினைவிற்கு வரும். கே. வி. மகாதேவன் இசையமைத்த அதில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகசுரம் கதைத்தலைவனின் தொழிலாய் அவையோர் முன் ஒலிக்கின்றது. கோல்மனின் சாக்சபோனோ தலைவனின் உள்ளத்துள் ஒலிப்பது.

சில இடங்களில் பல்லியம் அறவே ஒதுங்குகின்றது. கோல்மனும், முரசு வாசிக்கும் அவர் மகன் டெனார்டோவும், பேஸ் வாசிக்கும் பார் பிலிப்சும் மட்டுமே எஞ்சுகின்றனர். அங்கே தாளம் சாக்சபோனைத் தொடர்கின்றது. கொடைவிழாவின் நெருக்கம் ஒருகணம் வந்து, பல்லியம் மீண்டதும் மறைகின்றது.